சிவப்புக் கொங்காணி

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டின்படி நான் குவைத்தில் இருந்தேன். உண்மையில் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் எட்டாம் காம்பராவில் இருந்தேன். என் மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்த இரண்டு ஊர்களிலும் ஒரே சமயத்தில் குடியிருந்தேன். ஒன்றில் கொழுந்து பறித்தேன், மற்றதில் யாரோ ஒரு அரபிக்காரர் வீட்டில் வேலை பார்த்தேன். இரண்டாவது இடத்தில் எனக்கு வேலை கொஞ்சம் குறைவு.

யோசனை என்னுடையதுதான். வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்க வேண்டுமென்றால் வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, ஹட்டன் நகரத்தில், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். தகப்பன் கொழும்பில், தாய் வெளிநாட்டில், பிள்ளை அத்தை பொறுப்பில் என்று எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டது அண்ணி. சொல்லிக் கொடுத்தது நான்.

வீட்டைப் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று நான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். மஸ்கெலியா பஸ் நாலு போனது, சாமிமலை பஸ் இரண்டு போனது. எல்லாம் போகிற இடம் தெரிந்து போயின. அண்ணி போன் பண்ணி, "போய்ட்டாங்க, வா" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

அதன் பிறகு கிழமை நாட்களில் பிள்ளை அண்ணி வீட்டில், வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னோடு. பள்ளிக்கூட வாசலுக்கு நான் போகக்கூடாது. கீழே, வளைவில் இருக்கிற பேக்கரிக்கு முன்னால் நிற்பேன். அவள் மற்றப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு வருவாள். பேக்கரி தெரிந்ததும் நடை மெதுவாகும், மற்றவர்களை முன்னால் போக விடுவாள். பிறகு என்னிடம் வருவாள். ஆறு வயதில் அவளுக்கு அதை நான் பழக்கினேன். பாடம் போலக் கேள்வி கேட்டுப் பழக்கினேன். அம்மா எங்கே? குவைத்ல. எப்ப வருவாங்க? அடுத்த வருசம். ஒரு தடவைகூட அவள் பிழைவிட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு!

மூன்றாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் ஏறி உட்காரும் முன்னாலேயே சொன்னாள்.

"அம்மா, இங்கிலீஷ் நாடகத்துல நான்தான் மெயின்."

ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் வருகிற அந்தப் பெண்ணை எல்லாருக்கும் தெரியும். சிவப்பு மேலங்கி, தலையில் முக்காடு, கையில் கூடை, தனியாகக் காட்டு வழியே நடை. பெயர் எதற்கு? எங்கள் தோட்டத்தில் அப்படி நூறு பேர் தினமும் நடக்கிறார்கள், யாரும் கதை எழுதவில்லை. ஆனால் என் மகளை, லயத்துப் பிள்ளையை, நகரத்துப் பிள்ளைகள் நாற்பது பேருக்குள்ளிருந்து எடுத்து நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. கண்டக்டர் மிச்சக் காசைக் கொடுக்கவில்லை என்பதைக்கூட இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

உடுப்பு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். அண்ணிக்குப் போன் போட்டால், "எனக்குத் தையல் எங்க வருது, நீயே வந்து தச்சுக் குடு" என்றார். சனிக்கிழமை எங்களை வேலை வாங்குகிற கங்காணியிடம் பல்வலி என்று சொன்னேன். பொய் சொல்வது அதற்குள் எனக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஆகியிருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே ஹட்டனுக்கு ஏறினேன்.

சந்தைக்குப் பக்கத்தில் வெட்டுத் துணி குவித்து விற்கிறார்கள். அங்கே கிடைத்தது ஒரு சிவப்புத் துண்டு. மினுக்கம் இல்லாத, கொஞ்சம் கனமான, நல்ல சிவப்பு. இரண்டு கஜத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதே துணியில் வேறு துண்டு இல்லை, கிளறிப் பார்த்துவிட்டேன்.

இனி நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு எதையும் இந்த வருசத்துக்கு மட்டும் தைக்க மாட்டோம். வளர்கிற பிள்ளை என்று சொல்லி, தோளில் இரண்டு விரல், இடுப்பில் நாலு விரல், கீழே ஒரு சாண் மடித்து வைத்துத்தான் தைப்போம். பாவாடையின் கரையை வருசா வருசம் அவிழ்த்துவிட்டே பத்தாம் வகுப்பு வரை வந்தவள் நான். அந்தக் கை சும்மா இருக்குமா? ஒரு நாள், ஒரு பத்து நிமிசம் போடப் போகிற நாடக உடுப்பை, அடுத்த இரண்டு வருசத்துக்கும் உதவும் என்று தாராளமாக வெட்டிவிட்டேன். மேலங்கியை வெட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் முக்காட்டுக்குத் துணி இல்லை. மிஞ்சியது ஒரு கைக்குட்டை அளவு.

அண்ணி பார்த்துவிட்டு, "ஏன்டி, இவ நாடகத்துக்குப் போறாளா, கல்யாணத்துக்குப் போறாளா?" என்றார். அவர் டிவிக்கு மேலே போட்டிருந்த வெள்ளை லேஸ் விரிப்பை மேலாடைக்கு முன்னால் கட்டுகிற ஏப்ரனுக்காக ஏற்கெனவே நான் வாங்கியிருந்தேன். மனமில்லாமல்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு மொட்டையாகத் தெரிந்த டிவியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நல்ல மனுசிதான். பயந்த மனுசியும்கூட. தன் கையெழுத்தை நினைத்துப் பயம்.

நான் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். மகள் எனக்கு முன்னால் ஸ்டூலில் ஏறி நின்றாள். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. வகுப்பு டீச்சர். அந்தத் தெருவால் போனவர், நாடகத்தில் மாற்றிய வரிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓட நேரமில்லை. அடுப்படிக்குள் போகக்கூட நேரமில்லை. வாயில் ஊசி இருந்ததால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

"தைக்க வந்திருக்காங்க டீச்சர்" என்று அண்ணி முந்திக்கொண்டு சொன்னார்.

டீச்சர் நல்லவர். வயதில் என்னைவிட இளையவர், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் பிள்ளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏப்ரன் பிடித்திருந்தது. மேலங்கியின் நீளத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "முக்காடு எங்க?" என்று கேட்டார். அண்ணி ஒரு துவாயைக் கொண்டு வந்தார். டீச்சரே அதைத் தலையில் போட்டு ஊசி குத்திப் பார்த்தார், வழுக்கி விழுந்தது. மேலங்கியின் கழுத்தை மேலே இழுத்துப் பார்த்தார், பிள்ளை மூச்சு முட்டி இருமினாள்.

"முக்காடு இல்லாட்டி இவ யாருன்னே பாக்கிறவங்களுக்குத் தெரியாதே" என்றார் டீச்சர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சங்கடத்தோடு சொன்னார்: "வகுப்புல இன்னொரு பிள்ளைக்கிட்ட கொழும்புல வாங்கின உடுப்பே இருக்கு. அவங்க அம்மா கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. சரிவராட்டி அந்தப் பிள்ளைக்கே குடுத்துரலாமான்னு பாக்கிறேன்."

என் மகள் அழவில்லை. ஸ்டூலின் மேல் நிமிர்ந்து நின்றபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாயைத்தான் பிள்ளை அப்படிப் பார்க்கும், தைக்க வந்தவளை அப்படிப் பார்க்காது. டீச்சர் கவனித்துவிடப் போகிறாரே என்று பயந்தேன். அவளைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். எழுந்தேன். வாயிலிருந்த ஊசிகளை எடுத்து வைத்தேன், தோளில் குத்தியிருந்தவற்றையும் பிடுங்கினேன். மேலங்கித் துணியையே இரண்டாக மடித்தேன், ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளிக் கூராக்கினேன், அப்படியே தலையில் கவிழ்த்து, முன் விளிம்பை நெற்றிக்கு மேல் ஒரு விரல் அகலம் மடித்துவிட்டேன். கொழுந்துக் காட்டில் மழை இறங்கினால் சாக்கை இப்படித்தான் மடித்துப் போட்டுக்கொள்வோம். மழைக்கும் மடிப்புக்கும் நடுவில் நாலு கொழுந்துகூட விடுபடாது. அவ்வளவு வேகம். காற்றடித்தாலும் குனிந்தாலும் விழாது. நீளமாக வெட்டின துணி முழுவதும் முதுகுப் பக்கம் அழகாக இறங்கிக் குதிகாலைத் தொட்டது.

டீச்சர் இரண்டடி பின்னால் போனார். "ஐயோ, படத்துல இருக்கிற மாதிரியே இருக்கு!" என்றார். உடனேயே, "இது கொங்காணியில்ல?" என்றும் கேட்டார்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. டீச்சரின் பார்வை பிள்ளையின் தலையிலிருந்து என் கைகளுக்கு வந்தது. கொழுந்துக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. விரல் நுனிகளை மடக்கினேன்.

"நீங்க தோட்டமா?"

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "ஆமா டீச்சர்" என்றார் அவசரமாக. "நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற பொண்ணு. தையலும் கொஞ்சம் தெரியும்."

ஸ்டூலின் மேல் நின்ற என் பிள்ளை அண்ணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருந்தாள்.

"ஆமாங்க டீச்சர்" என்றேன்.

டீச்சருக்கு ஒரே சந்தோசம். வெள்ளிக்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து மடித்துவிட வேண்டும், தங்களுக்கு இந்த மடிப்பு வராது என்று கேட்டுக்கொண்டார். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாவம் இவங்க அம்மா. பிள்ளைய இந்தக் கோலத்துல பாக்கக் குடுத்து வைக்கலயே" என்று அண்ணியிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். எனக்காக நானே பரிதாபப்பட்டேன், வேறென்ன செய்ய?

டீச்சர் போனதும் அண்ணி கதவைச் சாத்திவிட்டு அழுதார். "வேற என்ன சொல்றதுன்னு தெரியல, வாயில வந்துருச்சு. மன்னிச்சுக்கடி" என்றார். எனக்குக் கோபம் கொதித்தது, ஆனால் அதை யார் மேல் கொட்ட? அண்ணி சொன்ன பொய் நான் கட்டின பொய்யின் மேல் வைத்த இன்னொரு கல். இப்போது உண்மையைச் சொன்னால் பிள்ளையின் இடம் போகும், அண்ணியின் பெயர் கெடும், இரண்டு வருசமாக ஒரு சின்னப் பிள்ளை வாய் தவறாமல் சொன்ன பொய்யெல்லாம் அவள் தலையிலேயே விழும். வெள்ளிக்கிழமை போகாமல் இருந்தால் முக்காடு விழும், வேஷம் மற்றப் பிள்ளைக்குப் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், எல்லாச் சுவரும் நான் எழுப்பியது.

மகள் மேலங்கியைக் கழற்றாமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் ஒங்கள அக்கான்னு கூப்பிடணுமா?"

"பள்ளிக்கூடத்துல மட்டும்" என்றேன்.

அந்தக் கிழமை முழுவதும் மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் இதுதான் மனதில் ஓடியது. ஒரு நாள் போகவே கூடாது என்று முடிவு செய்வேன். மறுநாள் காலை அந்தச் சிவப்பு கண்ணுக்குள் வந்து நிற்கும். நான் இரண்டு வருசமாக அந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்ததில்லை. உள்ளே எப்படியிருக்கும், அவள் எந்த இடத்தில் உட்காருகிறாள், எதுவும் தெரியாது. பார்க்க ஒரு வழி கிடைத்திருக்கிறது, அது வேலைக்காரியின் வழி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வழியாகவாவது போகத்தான் ஆசைப்பட்டேன். வெள்ளிக்கிழமை காலை கங்காணியிடம் போய் இன்னொரு பல்லையும் பிடுங்க வேண்டும் என்று சொன்னேன்.

தாய்மாரெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலிகளில் இருந்தார்கள். அண்ணியும் அங்கே, இரண்டாம் வரிசையில், பட்டுச் சேலையில். என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். என் மகளுக்கு ஏப்ரனைக் கட்டி, கொங்காணியை மடித்து, காதுக்குப் பின்னால் ஒரே ஒரு ஊசி குத்தினேன். அதற்குள் ஒரு தாய் வந்து, "அக்கா, இவளுக்கும் ஜடை போட்டு விடுறீங்களா?" என்றார். இன்னொருவர் ராஜா வேஷம் போட்ட தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். கிளி, முயல், ஒரு மரம், எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். வேலைக்காரி என்று ஒருத்தி அகப்பட்டுவிட்டால் ஊருக்கே சொந்தம்.

"அக்கா, நெத்தியில இறுக்கமா இருக்கு" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

யாரோ என்று திரும்பினேன். என் மகள். அறையில் நாலைந்து பேர் நின்றதால் அப்படிக் கூப்பிட்டாள். நாக்குத் தடுக்கவில்லை, கண் தாழவில்லை. மடிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்று நாடகத்தைப் பார்த்தேன். அவள் பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் பாதி புரிந்தது, மீதி புரியவில்லை. புரியாத பாதிதான் எனக்கு அதிக சந்தோசம் தந்தது. ஓடினாள், குனிந்தாள், சுற்றித் திரும்பினாள், முக்காடு அசையவே இல்லை. மண்டபமே கை தட்டியது. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வேலைக்காரி எதற்கு இப்படி அழுகிறாள் என்று அந்த மரம் வேஷம் போட்ட பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்தது.

முடிந்ததும் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் அண்ணி போய் நின்றார். முக்காட்டின் விளிம்பு சற்றுக் கோணலாக இருந்ததால், "அக்கா, கொஞ்சம் சரி பண்ணி விடுங்க" என்று டீச்சரே என்னைக் கூப்பிட்டார். போய்ச் சரி பண்ணினேன். கையை எடுக்க மனம் வரவில்லை, சரியாக இருந்ததையும் ஒருமுறை சரி செய்தேன்.

"இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றார் டீச்சர்.

தள்ளி வந்து அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். படம் எடுத்து முடித்ததும் டீச்சருக்கு ஒன்று தோன்றியது. போனை வீடியோவுக்கு மாற்றினார். "குவைத்ல இருக்கிற அம்மாவுக்கு ஏதாவது சொல்லுங்க. அத்தைக்கு அனுப்பி விடுறேன், அவங்க அம்மாவுக்கு அனுப்பிருவாங்க" என்றார்.

என் மகள் போனைப் பார்த்தாள். போனுக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் நான். அவள் நகர்த்தவில்லை.

"அம்மா, நான் நல்லா நடிச்சேன். முக்காடு விழவே இல்ல. எல்லாரும் கை தட்டுனாங்க. நீங்க சீக்கிரம் வாங்க."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகள் விட்டுப்போன ரிப்பன்களைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று பின்னேரமும் பேக்கரிக்கு முன்னால்தான் நின்றேன். அவள் உடுப்பு மாற்றி, சிவப்புத் துணியை ஒரு சீலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் இடம் கிடைத்தது. மல்லியப்பூச் சந்தி தாண்டும்போது என் போன் அடித்தது. அண்ணி அந்த வீடியோவை அனுப்பியிருந்தார். நான் திறக்காமல் பைக்குள் போட்டேன். அவள் விடவில்லை, எடுத்துப் போட்டுப் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள். பிறகு தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"சரியாச் சொன்னேனாம்மா?"

"ரொம்பச் சரியாச் சொன்னே சாமி."

பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"அப்ப எப்பம்மா வருவீங்க?" என்றாள்.

அவள் தலை என் தோளில்தான் இருந்தது, என் கை அவள் கைக்குள்தான் இருந்தது. நான் இங்கேதானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முன் சீட்டில் அவள் பள்ளிக்கூடத்துச் சீருடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். வாயை மூடிக்கொண்டேன்.